அட்டை இருந்தது, ஓட்டு இல்லை

2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல். மதுரையில் அன்றைக்குச் சித்திரைத் தேரோட்டம். அதற்காக மதுரை நாடாளுமன்றத் தொகுதியில் மட்டும் ஓட்டுப்பதிவை இரவு 8 மணி வரை நீட்டியிருந்தார்கள். தேர் பார்த்துவிட்டுச் சாவகாசமாக ஒத்தக்கடை வந்து வரிசையில் நின்றேன். பட்டியலைப் புரட்டிய அலுவலர், "உங்க பேரு இல்லையேம்மா" என்றார். வாக்காளர் அட்டையை நீட்டினேன். "இது ஆளு யாருன்னு காட்டத்தாம்மா. ஓட்டு பட்டியல்லதான் இருக்கு."

என் பெயர் உசிலம்பட்டியில், பிறந்த வீட்டு விலாசத்தில் இருந்தது. கல்யாணமாகி நான்கு வருடம், மாற்றவே இல்லை. ஒரே மாவட்டம்தானே என்ற நினைப்பு. ஆனால் உசிலம்பட்டி, தேனி நாடாளுமன்றத் தொகுதியில் வருகிறது. ஒத்தக்கடை மதுரைத் தொகுதி. சரி, ஊருக்குப் போகலாமென்றால் அங்கே 6 மணிக்கே முடிந்துவிட்டது.

அப்புறமும் சோம்பல்தான். 2023 நவம்பரில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்காளர் பட்டியலுக்கான சிறப்பு முகாம் போட்டபோதுதான் போனேன். படிவம் 6-ஐ வாங்கிப் பாதி நிரப்பிவிட்டேன். பி.எல்.ஓ.வாக, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலராக வந்திருந்த அங்கன்வாடி டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய அட்டை இருக்குல்ல? அப்ப 8 எழுதுங்க" என்றார். 6 புதிதாகச் சேருகிறவர்களுக்கு. வேறெங்கும் என் பெயர் இல்லை என்று அதில் உறுதிமொழி தர வேண்டும். பொய்யானால் ஓராண்டு வரை சிறை. நல்லவேளை! முன்பெல்லாம் தொகுதி மாறினாலும் 6-தானாம், 2022-க்குப் பிறகுதான் எல்லா இடமாற்றத்துக்கும் 8.

அடுத்து முகவரிச் சான்று. 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய வாடகை ஒப்பந்தத்தைக் கொடுத்தேன். பதிவு செய்த ஒப்பந்தம்தான் செல்லுமாம். எந்த வீட்டுக்காரர் பதிவு செய்து தருகிறார்? கடைசியில் கைகொடுத்தது தபால் ஆபீஸ் பாஸ்புக். இரண்டு வாரம் கழித்து டீச்சரே வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார். ஜனவரியில் வந்த இறுதிப் பட்டியலில் பெயரைப் பார்த்து, பாகம் எண், வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டேன். பிறகு புது அட்டை வந்தது. நம்பர் பழையதே. போட்டோவும் பழையதே, ரெட்டைச் சடையோடு.

2024 ஏப்ரல் 19. அழகர் ஆற்றில் இறங்க இன்னும் நான்கு நாள். இந்தத் தடவை காலை 7 மணிக்கே போய் நின்றேன். முதல் அலுவலர் என் பெயரை உரக்கப் படித்தார். கட்சி ஏஜென்ட் ஒருவர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நாந்தாண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டே டிக் அடித்தார்.