காயக்கில் முதல் ஓட்டை போடும் முன்

மீன்பிடிக் காயக் (துடுப்பால் வலிக்கும் சிறு படகு) வாங்கிய கையோடு டிரில்லிங் மெஷினைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். தூண்டில் கம்பைச் செருகும் ராட் ஹோல்டர் இங்கே, ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் அங்கே என்று மொட்டை மாடியில் வைத்தே முடிவு செய்து துளைத்துவிடுவார்கள். தண்ணீரில் இறங்கி நாலு துடுப்பு வலித்ததும் விரல் முட்டி ராட் ஹோல்டரில் இடிக்கும். போட்ட ஓட்டையை நகர்த்த முடியாது.

அதனால் முதல் வேலை மாஸ்கிங் டேப். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இருக்கையில் உட்காருங்கள். ஜாக்கெட் இல்லாமல் எட்டும் இடம், அதைப் போட்டதும் எட்டாது. துடுப்பை முழு வீச்சில் இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்து, கை, துடுப்பு, முழங்கால் எதுவும் படாத இடங்களில் டேப் ஒட்டுங்கள். அடிக்கடி தொடும் பொருள் எல்லாம் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் வரவேண்டும். உடம்பைத் திருப்பிப் பின்னால் கைவிட வேண்டியிருந்தால், அலையில் ஒருநாள் கவிழ்ப்பது அந்தப் பொருள்தான். பிறகு பங்கி கயிற்றாலும் கிளாம்பாலும் தற்காலிகமாகக் கட்டி, முட்டுக்காடு மாதிரி அமைதியான கழிமுகத்தில் இரண்டு மூன்று தடவை போய் வாருங்கள். டேப் ஒட்டிய இடங்களில் பாதியாவது மாறியிருக்கும்.

பசை வைத்து ஒட்டினால் ஓட்டையே வேண்டாமே என்று தோன்றும். திறந்த மேல்தளத்தில் உட்கார்ந்து ஓட்டும் சிட்-ஆன்-டாப் காயக்குகளில் பெரும்பாலானவை ரோட்டோமோல்டிங் முறையில் வார்த்த பாலிஎத்திலீன். மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் அதே பிளாஸ்டிக், அதே வார்ப்பு. இதன் மேற்பரப்பில் பசை பரவிப் பிடிக்காது. ஃபெவிக்விக், சாதாரண எபாக்ஸி, குளியலறை சிலிக்கான் எல்லாமே காய்ந்தபின் தோல் மாதிரி உரிந்து வரும். ஒட்டும் வெல்க்ரோவும் சித்திரை வெயிலில் வழுக்கிவிடும். சுமை தாங்க வேண்டிய எதையும் போல்ட், ரிவெட் மாதிரி ஆணி வகையால்தான் பிடிக்க வேண்டும்.

எந்த ஆணி என்பதைக் கை தீர்மானிக்கிறது. ஹேட்ச் (மேல்தளத்தில் மூடி போட்ட திறப்பு) வழியாகக் கைவிட்டு உள்பக்கத்தைத் தொட முடிந்தால் வேறு யோசனையே வேண்டாம்: எம்5 அல்லது எம்6 போல்ட், உள்ளே அகலமான வாஷர், தளராமல் பிடிக்க நைலான் வளையம் உள்ள நைலாக் நட். ராட் ஹோல்டர் மாதிரி இழுவிசை வாங்கும் இடத்தில் வாஷருக்குப் பதிலாக 5 மி.மீ. தடிப்புள்ள பிளாஸ்டிக் பலகைத் துண்டு ஒன்றைப் பின்பக்கம் வையுங்கள். பழைய சமையலறைக் கட்டிங் போர்டை அறுத்தாலே போதும். பெரிய பாறை மீனோ கொடுவா மீனோ இழுக்கும்போது அந்த விசை நாலு ஓட்டைகளின் விளிம்பில் இறங்காமல் பலகை முழுக்கப் பரவும்.

கை எட்டாத இடத்துக்கு வெல்நட். ரப்பர் உறைக்குள் பித்தளை நட்டு இருக்கும். போல்ட்டை முறுக்க முறுக்க ரப்பர் உள்ளே உப்பி இறுகும், தண்ணீரையும் அடைக்கும். எம்5 வெல்நட்டுக்குச் சுமார் 10 மி.மீ., எம்6-க்குச் சுமார் 13 மி.மீ. ஓட்டை தேவை. கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும் என்பதால், வேண்டாத பிளாஸ்டிக் துண்டில் ஒன்றைப் போட்டுப் பார்த்த பிறகே காயக்கில் கை வையுங்கள். ரப்பர் உப்பியதை உணர்ந்ததும் நிறுத்த வேண்டும். இன்னும் அரைச்சுற்று என்று ஆசைப்பட்டால் ரப்பர் கிழியும், போல்ட் சும்மா சுற்றும், கழற்றவும் வராது.

மூன்றாவது, மூன்றாக மடங்கும் ரிவெட். 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 5 மி.மீ. ஓட்டை. அதன் வால் உள்ளே மூன்று இதழாக விரிந்து பிளாஸ்டிக்கைப் பரவலாகப் பிடிக்கும். கதவு, ஜன்னல் வேலைக்கு அடிக்கும் சாதாரண அலுமினிய ரிவெட்டின் வால் சிறியது. இழுத்தால் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

துளைக்கும்போது டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி ஓட்டை நீள்வட்டமாகிவிடும். முதலில் 3 மி.மீ., பிறகு படிப்படியாகப் பெரிது. படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் பிட் இருந்தால் ஓட்டை சுத்த வட்டமாக வரும். பிட்டின் நுனியிலிருந்து 10 மி.மீ. தள்ளி டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கை நழுவி அடிப்பகுதியையும் சேர்த்துத் துளைக்கும் அபாயம் நிஜமானது. ஸ்டெப் டிரில் நீளமானது என்பதால் அடியில் இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டை விளிம்பின் பிசிறைக் கத்தியால் வழித்துவிடுங்கள். விரிசல் அந்த மாதிரி வெட்டு முனையிலிருந்துதான் ஆரம்பிக்கும். தண்ணீர் வடியும் ஸ்கப்பர் குழாய்களின் சுவரை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். மேல்தளத்தையும் அடியையும் இணைத்துப் பாரம் தாங்குவது அவைதான்.

போல்ட் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக (எஸ்.எஸ்.) இருக்கட்டும். 304 உப்புக்காற்றில் சில வாரங்களில் டீக்கறை பிடித்த மாதிரி ஆகிவிடும். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது, கடைக்காரர் என்ன சொன்னாலும். எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நைலாக்கை மெஷினால் வேகமாக ஏற்றினால் மரை பாதியில் பற்றிக்கொள்ளும். அப்புறம் அறுப்பதுதான் வழி. ஒரு சொட்டு கிரீஸ், கை ஸ்பேனர், அவ்வளவே. கசிவுக்குப் பசை சீலன்ட்டை நம்பாமல் பியூட்டைல் டேப்பையோ நியோபிரீன் வாஷரையோ நடுவில் வைத்து நசுக்குங்கள். இங்கே அடைப்பது ஒட்டுதல் இல்லை, அழுத்தம்.

ஃபிஷ் ஃபைண்டருக்குக் கணக்கு எளிது. 5 அங்குலத் திரை அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 8 மணி நேரத்துக்கு 4 ஆம்பியர்-மணி. சின்ன யுபிஎஸ்களில் வரும் 12 வோல்ட் 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லெட் (ஈய) பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கையில் 3.5 தான், எடையோ 2 கிலோவுக்கு மேல். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 6 ஏ.எச். வாங்கினால் எடை 1 கிலோவைத் தொடாது, ஏறக்குறைய முழுதும் பயன்படும். சார்ஜர் 14.6 வோல்ட்டில் நிற்கும் அதற்குரியதாக இருக்க வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே ஃபியூஸ். எத்தனை ஆம்பியர் என்பது ஃபைண்டரின் கையேட்டில் இருக்கும், சிறிய மாடல்களுக்குப் பெரும்பாலும் 3. பூட்டு மூடியுள்ள சாப்பாட்டு டப்பாவில் ஒயர் நுழையும் ஓட்டையை இறுக்கி அடைக்கும் கேபிள் கிளாண்ட் ஒன்று பொருத்தினால் பேட்டரிப் பெட்டி தயார். லெட் பேட்டரி என்றால் சார்ஜ் போடும்போது மூடியைத் திறந்து வையுங்கள், ஹைட்ரஜன் வெளிவரும்.

ஃபைண்டருக்காக ஒலி அலையை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசருக்கு ஓட்டை தேவையில்லை. ஒற்றை அடுக்குப் பிளாஸ்டிக் வழியாகச் சாதாரண சோனார் நன்றாகவே போகும். நடுவில் நுரை வைத்த மூன்றடுக்குக் காயக்கில் போகாது, நுரையிலுள்ள காற்று அலையைத் தடுத்துவிடும். நனைத்த ஸ்பாஞ்சை உள்ளே வைத்து அதன்மேல் டிரான்ஸ்டியூசரை அழுத்தி ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். ஆழம் ஒழுங்காக வருகிற இடம் தெரிந்ததும் டக்ட் சீல் என்ற, காய்ந்து இறுகாத களிமண்ணைப் பிசைந்து, காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் பதித்துவிடுங்கள். இழப்பு இரண்டு: வெப்பநிலை தண்ணீருடையதாக இல்லாமல் காயக் உள்பக்கத்துடையதாகக் காட்டும், பக்கவாட்டைப் படமாகக் காட்டும் சைடு இமேஜிங் உருப்படியாக வராது. அது வேண்டும் என்றால் வெளியே தொங்கவிட வேண்டும், அலையடிக்கும் கரையில் ஏறும்போதெல்லாம் தூக்கவும் வேண்டும்.

இருக்கையின் பின்பக்கத்தில் சாமான் வைக்க, பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் டப் போதும். 40 மி.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாயை 30 செ.மீ. நீளத்தில் மூன்று துண்டாக வெட்டி, டப்பின் பக்கத்தில் ஜிப் டையால் மேலும் கீழுமாக இரண்டு கட்டு, தூண்டில் கம்பு செருக இடம் தயார். ஸ்பின்னிங் ரீலின் கால் இறங்க மேலே ஒரு வெட்டு.

நங்கூரத்தை மட்டும் நடுப்பக்கத்தில் கட்டாதீர்கள். நீவாடு (நீரோட்டம்) பலமாக இருந்தால் காயக் குறுக்கே திரும்பி, கயிறு ஒரு பக்கத்தைக் கீழே இழுத்து, நொடியில் கவிழ்த்துவிடும். அதற்குத்தான் டிராலி: முனையில் ஒரு கப்பி, வாலில் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி 5 மி.மீ. கயிறு வளையமாக, நடுவில் ஒரு ரிங். நங்கூரக் கயிறு ரிங் வழியாகப் போகும். இருக்கையிலிருந்தே ரிங்கை முனைக்கோ வாலுக்கோ தள்ளலாம். மடக்கு நங்கூரம் 1.5 கிலோ, கயிறு ஆழத்தைப் போல 5 மடங்கு. கயிற்றை நங்கூரத்தின் தலை வளையத்தில் முடியாமல், அடிப்பக்கக் கண்ணில் முடிந்து, தண்டு வழியாக மேலே கொண்டுவந்து, தலை வளையத்தோடு மெல்லிய ஜிப் டையால் கட்டுங்கள். பாறையில் மாட்டினால் பலமாக இழுக்க ஜிப் டை அறும், நங்கூரம் பின்வழியாக உருவிக்கொண்டு வரும். கயிற்றை அறுக்க ஜாக்கெட்டிலேயே ஒரு கத்தி.

நம் கட்டுமரத்தில் ஆணியே கிடையாது, மரங்களைக் கயிற்றால்தான் பிணைப்பார்கள். ஏறிய அலை இடுக்கு வழியே இறங்கிவிடும். அது மூழ்காததற்குக் காரணம் மரமே மிதப்பது. காயக் மிதப்பது உள்ளே அடைபட்ட காற்றால். எனவே எல்லாம் பொருத்திய பிறகு, வடிகால் மூடியைக் கழற்றி வாயால் லேசாக ஊதிக்கொண்டே ஒவ்வொரு போல்ட்டின் மேலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஹேட்ச் மூடியில் காற்று போனால் அதை டேப்பால் அடைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் வேண்டாம், காயக் உப்பிவிடும். குமிழ் வந்தால் கசிவு அங்கே. போல்ட் எதிலும் குமிழ் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் உள்ளே தண்ணீர் சேர்கிறது என்றால் காயக்கைக் கவிழ்த்து, ஸ்கப்பர் குழாய்களின் அடி விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள்.