பாய்மரப் படகின் மின் அமைப்பை ப்ராஜெக்டாக எடுப்பவர்களுக்கு

பெரிய பாய்மர உல்லாசப் படகின் மின் அமைப்பை இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுக்க நினைக்கும் ட்ரிபிள்-ஈ மாணவர்கள், ஜெனரேட்டர் எத்தனை கிலோவாட் என்பதில் ஆரம்பிக்க வேண்டாம். லோடு பட்டியலில், அதாவது படகில் மின்சாரம் எடுக்கும் கருவிகளின் பட்டியலில், ஆரம்பியுங்கள். சேலத்தில் படித்துக்கொண்டே அதை நன்றாகச் செய்யலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

நான் எடுத்துக்கொண்டது 45 மீட்டர் நீளப் படகு. சமையலறை, ஏசி, பம்புகள், ரேடார், பாய்க் கயிற்றை இழுக்கும் வின்ச் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து பத்திகள் போட்டேன்: துறைமுகத்தில் நிற்கும்போது, நங்கூரமிட்டிருக்கும்போது, கரைக்கு ஒதுக்கும்போது, பாய் விரித்து ஓடும்போது, அவசர நிலையில். எது எப்போது ஓடும் என்பதுதான் இங்கே முக்கியம். படகின் முன்முனையைப் பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டர் பெரிய லோடுதான். ஆனால் அது கரைக்கு ஒதுக்கும் சில நிமிடங்களில் மட்டுமே வேண்டும். அதை ஏசியோடும் சமையல் அடுப்போடும் முழுசாகக் கூட்டினால் தேவையே இல்லாத பெரிய ஜெனரேட்டர் வந்து நிற்கும்.

இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டது ஏற்காட்டில். மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் நம்பி ஓடும் விடுதி ஒன்றில் அனுமதி கேட்டு, மீட்டர் எண்களைக் குறித்துக்கொண்டேன். அங்கிருந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னார்: "எல்லா ரூம்லயும் கீசர் இருக்கு தம்பி, ஆனா எல்லாம் ஒண்ணா ஓடாது. காலையில ஆறரையில இருந்து எட்டுக்குள்ளதான் மெஷின் திணறும்." எல்லா லோடும் ஒரே நேரத்தில் ஓடாது என்பதைக் கணக்கில் எடுக்கும் டைவர்சிட்டி காரணியை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இன்னொன்றும் அங்கே கவனித்தேன். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவதால் ஜெனரேட்டரின் திறனைக் கொஞ்சம் குறைத்துத்தான் கணக்கிட வேண்டும். கடலில் உயரப் பிரச்சினை கிடையாது. ஆனால் இன்ஜின் அறையின் காற்றை 45 டிகிரி செல்சியஸ் என்று வைத்து வடிவமைப்பதே கப்பல் வழக்கம்.

லோடு தாள் முடிந்ததும் அடுத்த சிக்கல் தானாகத் தெரியவரும். என் தாளில் பகல் லோடு 60 கிலோவாட், நள்ளிரவில் 20. ஒரே 100 கிலோவாட் ஜெனரேட்டரைப் போட்டால் இரவு முழுக்க அது 20 சதவீதத்தில் ஓடும். டீசல் இன்ஜினை 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டினால் எரியாத எரிபொருளும் கரியும் உள்ளே படியும். அதனால் இரவை பேட்டரிக்குக் கொடுத்தேன். 20 கிலோவாட், 8 மணி நேரம் என்றால் 160 கிலோவாட்-மணி. லித்தியம் பேட்டரியில் 80 சதவீதத்தையே பயன்படுத்துவது என்று வைத்தால் 200. இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்தால் 215 வரை வரும். கிலோவுக்கு 100 வாட்-மணி என்று எடுத்தால் எடை 2 டன்னைத் தாண்டும். அந்த எடையைப் படகின் அடியில், நடுக்கோட்டில் வைத்தால் நிலைத்தன்மைக்கும் உதவும். பாயைத் திருப்பும்போது வின்ச்சுகள் சில விநாடிகளுக்கு இழுக்கும் உச்ச லோடையும் இதே பேட்டரி தாங்கிக்கொள்ளும். இரவுக்கென்று போட்டது பகலிலும் உழைக்கிறது என்பதால், முழு வடிவமைப்பிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அப்புறம் மின்னழுத்தம். முன்முனையில் 3 கிலோவாட் மோட்டார், பேட்டரியிலிருந்து 25 மீட்டர் தூரம் என்று வையுங்கள். 24 வோல்ட் டிசியில் 125 ஆம்பியர் ஓடும். 50 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டாலும், போக வர 50 மீட்டரில் 2.2 வோல்ட் விழும். அது 9 சதவீதம். அதே மோட்டார் 400 வோல்ட் மூன்று ஃபேஸில் 5 ஆம்பியர்தான் எடுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளே போதும், இழப்பு அரை சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே பெரிய மோட்டார்கள் 400 வோல்ட்டிலும், வழிகாட்டி விளக்கும் ரேடியோவும் 24 வோல்ட்டிலும் இருக்கட்டும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னை அதிக நேரம் நிற்க வைத்த கேள்வி, நியூட்ரலை ஏன் எர்த் செய்யவில்லை என்பது. வீட்டில் எர்த் ஃபால்ட் வந்தால் சர்க்யூட் ட்ரிப் ஆவதே நல்லது. நடுக்கடலில் சுக்கான் பம்ப் ட்ரிப் ஆனால் படகே ஆபத்தில் மாட்டும். அதனால் முக்கியமான சர்க்யூட்டுகளுக்கு நியூட்ரலை எர்த்தோடு இணைக்காமல் தனித்து விட்டு, மின்கசிவைக் கண்காணிக்கும் இன்சுலேஷன் மானிட்டரை வைத்தேன். முதல் ஃபால்ட்டில் அலாரம் மட்டும் அடிக்கும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஃபால்ட்டை உடனே தேடிச் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் இரண்டாவது வந்தால் ஷார்ட் சர்க்யூட்தான். இதை வரைபடத்தோடு சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் நிற்கும்போது எடுக்கும் கரை மின்சாரத்துக்கு ரிப்போர்ட்டில் இரண்டு வரி போதும்: சில நாடுகளில் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60, அதற்கு ஒரு கன்வெர்ட்டர். படகின் உலோகக் கூடு அரிக்காமல் இருக்க, கரையின் மின் இணைப்பையும் படகின் இணைப்பையும் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்.

ஓடும்போது ப்ரொப்பெல்லரைச் சுழலவிட்டு மின்சாரம் எடுப்பதையும் சேர்க்கலாம். 2018-ல் ஒப்படைக்கப்பட்ட, 106 மீட்டர் நீள பிளாக் பேர்ல் படகில் அந்த வசதி உண்டு. கிடைக்கும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப்படி மாறும் என்பதால், வேகம் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) என்பதிலிருந்து 12 நாட் ஆனால் திறன் சுமார் 1.7 மடங்கு. ஒரே வேகத்துக்குக் கணக்குப் போட்டு நிறுத்தாமல் வரைபடமாகவே கொடுங்கள்.

ரிப்போர்ட்டில் லோடு தாளைப் பின்னிணைப்பில் போட வேண்டாம், முதல் அத்தியாயத்திலேயே வையுங்கள். ஒவ்வொரு காரணிக்கும் பக்கத்தில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். கைடு ஒரு எண்ணை மாற்றச் சொன்னால் ஜெனரேட்டர், பேட்டரி, கேபிள் மூன்றும் சேர்ந்து மாறும்படி எல்லாவற்றையும் ஒரே எக்செல் கோப்பில் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.