அந்தச் சிரிப்பு

நேத்து ராத்திரி கருக்கலைப்புக்கு எதிரா மெழுகுவர்த்தி ஏந்திச் செபிக்கிற செப விழிப்புக்குப் போயிருந்தேன். எதிரே கருக்கலைப்பு விளம்பரப் பலகை. அதுல ஒரு பொண்ணு சிரிக்கிறா, சோப்பு விளம்பரத்துல சிரிக்கிற அதே சிரிப்பு. எனக்கு உறுத்துனது அதுதான். அந்த முடிவெடுத்தவங்க யாரும் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை.

கோஷம் கிடையாது. செபமாலை மட்டும், இயேசுவோட பாடுகளை நினைச்சுச் சொல்ற துயர மறையுண்மைகள். காகிதக் கப்பைத் தாண்டி மெழுகு விரல்ல சொட்டுச்சு. மாலையில பத்துப் பத்து மணியாச் சொல்ற செபத்துல, மூணாவது பத்துல காத்து திரியை அணைச்சிருச்சு, பக்கத்துல இருந்தவங்ககிட்ட பத்த வச்சுக்கிட்டேன்.

ஒருத்தர் ரத்தப் படம் ஒட்டுன அட்டையோட வந்தார். “மடிச்சு வச்சிருங்கண்ணே”ன்னேன். 1995-ல திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுல் எழுதுன சுற்றுமடல் கருக்கலைப்பைக் கடுமையாத்தான் கண்டிக்குது. ஆனா 99-ஆவது பத்தியில, கருவைக் கலைச்ச பெண்கள்கிட்ட நம்பிக்கையை விட்றாதீங்கன்னு சொல்றார். அவங்கள்ல ஒருத்தர் இந்த வழியா நடந்து போனா?

அண்ணன் முணுமுணுத்துக்கிட்டே மடிச்சார். கடைசிப் பத்து மணி செபத்தை அவர்தான் சொன்னார்.