விடிலி மாதிரி ஒரு கிறிஸ்துமஸ் குடில்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. உடன்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வருஷா வருஷம் எடுத்து வைக்கும் தெர்மோகோல் குடில், பஞ்சு, பிளாஸ்டிக் புல், சீரியல் லைட் எல்லாம் சேற்றோடு போயின. குழந்தை இயேசுவான பாலன் சொரூபம் மட்டும் ஆச்சியின் பீரோவில், பழைய சேலைத் துணியில் சுற்றியபடி பத்திரமாக இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு சுளகில் கொஞ்சம் வைக்கோலைப் போட்டு, அதில் பாலனைக் கிடத்தி ஜெபம் சொன்னோம்.

அந்தச் சுளகு என் மனதிலேயே நின்றுவிட்டது. பனை ஓலைச் சுளகு அது. அவ்வளவு பெரிய மழைக்குப் பிறகும் கழுவிக் காயவைத்ததும் பழையபடி ஆகிவிட்டது. இனி தெர்மோகோல் வாங்குவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். இந்த வருஷம்தான் முழுதாகச் செய்து பார்க்க நேரம் கிடைத்தது. குடில், நட்சத்திரம், பலகாரம், பலகாரம் கொடுக்கும் பெட்டி எல்லாமே பனையிலிருந்து வரவேண்டும் என்பது என் ஆசை. பல்பும் வயரும் மட்டும் கடையில் வாங்கியவை.

குடிலை எந்த வடிவில் கட்டுவது என்பதுதான் முதல் கேள்வி. ஆச்சி ஒரு நொடியில் சொல்லிவிட்டாள்: "நம்மூர்ல ஏழை வீடுன்னா விடிலிதானட்டி. அதையே கட்டு."

பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவதற்குப் பனங்காட்டுக்குள் போடும் ஓலைக் குடிசைதான் விடிலி. முன்பக்கம் திறந்திருக்கும், ஓலை இறப்பு, அதாவது கூரையின் கீழ்விளிம்பு, இடுப்பு உயரத்துக்குத் தாழ்ந்து வரும், உள்ளே எப்போதும் அடுப்பு எரியும். சீசன் நாளில் குடும்பமே அங்கேதான் கிடக்கும். ஆச்சி தன் சிறு வயதில் பாதி நாளை விடிலியில் கழித்தவள். 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலிலும் வைக்கோலும் தீவனத் தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும்தான் இருந்தன. அந்த மலையூர்க்காரர்கள் தினமும் பார்க்கும் பொருள்கள் அவை. அப்படியென்றால் எங்களுக்கு விடிலிதான் சரி.

டிசம்பர் 2

ஓலைக்காகப் பக்கத்துத் தெருத் தாத்தாவிடம் போனேன். ஐம்பது வருஷமாகப் பனை ஏறியவர். இப்போது முழங்கால் வலியால் ஏறுவதில்லை, அவர் மகன்தான் ஏறுகிறார். கூரைக்குப் பதினெட்டுப் பச்சை ஓலை, பின்னுவதற்கு நாலு குருத்தோலை, காலுக்கு மட்டை என்று கேட்டேன். ஓலை தர உடனே சம்மதித்தார். குருத்துக்குத்தான் யோசித்தார். "நாலு குருத்தையும் ஒரே வடலில எடுக்கக்கூடாது பிள்ள. ஒண்ணுல ஒண்ணுதான் எடுக்கணும்" என்று நாலு வடலிகளில் (இளம்பனைகளில்) பார்த்து எடுக்கச் சொன்னார். பனைக்குக் கிளை கிடையாது. உச்சியில் இருக்கும் ஒரே குருத்திலிருந்துதான் அது வளரவேண்டும் என்பதால் இந்தக் கவனம்.

டிசம்பர் 3, 4

முதல் தவறு இங்கேதான் நடந்தது. பச்சை ஓலைகளை முற்றத்து வெயிலில் அப்படியே பரப்பி வைத்துவிட்டேன். மாலைக்குள் ஆறு ஓலைகள் உள்பக்கமாகச் சுருண்டுவிட்டன. விரித்தால் மடிப்பில் கிழிகிறது. தாத்தா வந்து பார்த்து, மிச்ச ஓலைகளைக் காலால் மிதித்து விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இரண்டு அம்மிக்கல் வைத்தார். நாலு நாள் அப்படியே கிடந்ததும் ஓலை விசிறி மாதிரி தட்டையாகிவிட்டது. கூரை வேயும் ஓலைக்கு இதுதான் முறை. வெயில் தேவையே இல்லை, பாரம்தான் தேவை.

குருத்தோலை வேறு ஜாதி. அதை நிழலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, பின்னுவதற்கு முன் ஈரத்துணியில் அரைமணி நேரம் சுற்றி வைக்கவேண்டும். காய்ந்தபடி மடக்கினால் படக்கென்று ஒடியும்.

டிசம்பர் 8

சட்டம் கட்டினேன். நாலு அடி அகலம், மூன்று அடி ஆழம், நடுமுகட்டில் மூன்று அடி உயரம். வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், சுவரோரமாக இடம் ஒதுக்கினோம். மட்டையின் இரண்டு ஓரமும் கருக்கு, ரம்பம் மாதிரி இருக்கும். அதை அரிவாளால் சீவாமல் தொடவே கூடாது, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். கட்டுவதற்கு ஆணி எதுவும் இல்லை. மட்டையின் உள்பக்கத்து அகணியை உரித்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த நார்தான். ஈரத்தோடு கட்டினால் காயும்போது அதுவாகவே இறுகிக்கொள்கிறது. நான் காய்ந்த நாரில் கட்டிய இரண்டு முடிச்சுகள் மறுநாளே தளர்ந்துவிட்டன. நனைத்த நாரில் கட்டியவை கடைசிவரை அசையவில்லை.

ஓலையைக் கீழிருந்து மேலாக வேய்ந்தேன். இறப்பு தாழ்வாக வரவேண்டும் என்பதில் ஆச்சி கண்டிப்பாக இருந்தாள். "குனிஞ்சுதான் உள்ள பாக்கணும். நிமிந்து நின்னு பாக்கற மாதிரி கட்டிராத."

டிசம்பர் 9 முதல் 15 வரை

இந்த வாரம் முழுக்க நட்சத்திரம். எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான்.

சாதாரணமாக மூங்கில் சிம்பில் சட்டம் கட்டி வண்ணத்தாள் ஒட்டுவார்கள். நான் மட்டையை நீளவாக்கில் பிளந்து, இரண்டு அடி நீளத்தில் பத்துக் குச்சிகள் சீவிக்கொண்டேன். ஐந்து குச்சியில் ஒரு நட்சத்திரம், இன்னொரு ஐந்தில் அடுத்தது. இரண்டையும் சேர்த்து ஐந்து முனைகளையும் கட்டிவிட்டு, நடுவில் குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களில் ஆறு அங்குலக் கட்டைகளைச் செருகினால் நட்சத்திரம் உப்பி நிற்கும். இதுவரைக்கும் சுலபம்.

தாளுக்குப் பதில் குருத்தோலைப் பின்னல் வைத்தேன். முதல் பின்னலைப் பாய் மாதிரி நெருக்கமாகப் பின்னியதால் உள்ளே பல்பு எரிந்தும் வெளியே வெளிச்சம் வரவில்லை. இரண்டு நாள் வேலை வீண். இரண்டாவது தடவை ஓலைக் கீற்றை மெல்லியதாகக் கிழித்து, பின்னலுக்கு நடுவே சிறுசிறு கண் விட்டேன். அப்போது வெளிச்சம் புள்ளி புள்ளியாகச் சுவரில் விழுந்தது. என் அண்ணன் மகன் லைட்டைப் போட்டதும், "அத்தை, சுவரெல்லாம் நட்சத்திரம்!" என்று கத்தினான். அவன் குரலைக் கேட்டுத்தான் நானும் திரும்பிச் சுவரைப் பார்த்தேன்.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். உள்ளே குண்டு பல்பு போடாதீர்கள். அந்தச் சூட்டுக்கு ஓலை தீப்பிடிக்கும். சிறிய எல்இடி போதும், அதுவும் ஓலையைத் தொடாமல் தொங்கவேண்டும். மார்கழிப் பனியில் ஓலை நனையும் என்பதால் திறந்த முற்றத்தில் கட்டாமல் இறப்புக்குக் கீழே கட்டினேன்.

டிசம்பர் 16

குடிலுக்குள் புல் வேண்டும். இதற்காக டிசம்பர் 4ஆம் தேதியே ஒரு தட்டில் கம்பு விதைத்திருந்தேன். அது பத்து நாளில் வளர்ந்து சாய்ந்து படுத்துவிட்டது. முளைப்பாரி மாதிரி இருட்டில் வைத்ததால் நிறமும் வெளுத்துவிட்டது. முளைப்பாரிக்கு அந்த வெளுத்த மஞ்சள்தான் அழகு, குடிலுக்குப் பச்சை வேண்டும். இன்று மறுபடி விதைத்தேன். பாதித் தட்டுகளில் கம்பு, பாதியில் கேழ்வரகு. முளைவிடும்வரை ஈரத்துணியில் மூடி வைத்து, பிறகு ஜன்னலோரத்துக்கு மாற்றினேன். இருபத்துநாலாம் தேதி எடுத்தபோது கம்பு நாலு விரல் உயரம் இருந்தது. கேழ்வரகு கட்டையாக, அடர்த்தியாக, நிஜப் புல்தரை மாதிரியே வந்தது. அடுத்த தடவை முழுக்கக் கேழ்வரகுதான்.

தரைக்குத் தேரி மணல். தேரி என்றால் எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடு. குதிரைமொழித் தேரியின் செம்மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சிவப்புக்கு எந்தச் சாயமும் ஈடாகாது. வெளிச்சம் பட்டால் அடுப்புக் கங்கு மாதிரி இருக்கும். பிள்ளைகள் களிமண்ணில் பதநீர் காய்ச்சும் ஒரு தாச்சி, ஒரு அடுப்பு, தோளில் கலயம் தொங்கும் ஒரு பனையேறி செய்து கொடுத்தார்கள். பனையேறியின் ஒரு கால் குட்டையாக இருந்தது. ஆனாலும் இடையர்களுக்குப் பக்கத்தில் அவருக்குத்தான் முதல் இடம்.

டிசம்பர் 21, 22

முந்திரிக்கொத்து. வெளியூர்க்காரர்கள் இதில் முந்திரிப்பருப்பு இருக்கும் என்று நினைக்கிறார்கள். கன்னியாகுமரிப் பக்கம் முந்திரி என்றால் திராட்சை. மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்து மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.

ஒரு கிலோ சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்துப் பொடித்தோம். ஒரு தேங்காயைத் துருவி ஈரம் போக வறுத்தோம். முக்கால் கிலோ கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய். கருப்பட்டி எங்கள் உடன்குடியுடையது. புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டி என்பதில் எங்கள் ஊருக்கே பெருமை. ஆனால் எந்தக் கருப்பட்டியானாலும் கரைத்து வடிகட்டாமல் பாகு காய்ச்சக்கூடாது, அடியில் மண்ணும் சுண்ணாம்பும் தங்கும்.

முதல் ஈடு எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிட்டது. பாகு கம்பிப் பதத்துக்கு வருவதற்குள் நான் இறக்கியதுதான் காரணம். மாவு இளகிப்போயிருந்தது. அம்மா மிச்ச மாவில் இன்னும் கொஞ்சம் பயற்றம்பொடி சேர்த்து உருட்டி, ஒரு ராத்திரி முழுக்கச் சுளகில் ஆறவைத்தாள். காலையில் உருண்டைகள் கல் மாதிரி இறுகியிருந்தன. பச்சரிசி மாவில் துளி மஞ்சளும் உப்பும் கரைத்து, மூன்று மூன்றாக முக்கித் தேங்காய் எண்ணெயில் போட்டதும் ஒன்றுகூடப் பிரியவில்லை.

பலகாரத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொடுக்காமல் ஓலைக் கொட்டானில், அதாவது சின்ன ஓலைப்பெட்டியில், கொடுத்தோம். இருபது கொட்டான் தேவைப்பட்டது. நான் பின்னியது ஏழுதான், மீதியை மணப்பாட்டில் ஓலை வேலை செய்யும் பெண்களிடம் வாங்கினேன். அவர்கள் கைவேகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அரைமணி நேரத்தில், அடிப்பின்னலை மூலைக்குத் திருப்புவது எப்படி என்று கற்றுக்கொண்டேன். ஏழு நாளாக எனக்கு வராத விஷயம் அது. கொட்டான்கள் பக்கத்து இந்து வீடுகளுக்கும், ரம்ஜானுக்கு எங்களுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பும் வீட்டுக்கும் போயின. அந்த வீட்டு அம்மா மறுநாள் காலிக் கொட்டானில் வெற்றிலையும் பழமும் வைத்துத் திருப்பி அனுப்பினார்.

டிசம்பர் 24

கேரல் ரவுண்ட்ஸ் வந்த பையன்கள் தப்லாவை ஓரமாக வைத்துவிட்டு, வரிசையாகக் குனிந்து குடிலுக்குள் பார்த்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவன் முகமூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். தொட்டியில் வைக்கோல் மட்டும் இருந்தது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த பிறகு ஆச்சி பீரோவைத் திறந்து, சேலைத் துணியைப் பிரித்து, பாலனைத் தன் கையாலேயே கிடத்தினாள். குனிய முடியாதவள் தரையில் உட்கார்ந்துகொண்டே செய்தாள். கம்புப் புல் ஈரமாக இருந்தது. காய்ந்த ஓலையும் ஈரப் புல்லும் சேர்ந்த வாசம் தார்சா முழுக்க நிறைந்திருந்தது.

டிசம்பர் 26

வேன் பிடித்துக் குடும்பத்தோடு கிளம்பினோம். காலையில் மணப்பாடு. கடலோர மணல்மேட்டில் திருச்சிலுவை ஆலயம், கீழே 1542இல் இந்தக் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. பிள்ளைகள் அலையை விட்டு வரவில்லை.

அப்புறம் மெஞ்ஞானபுரம். 192 அடி உயரக் கோபுரம் கொண்ட தூய பவுல் ஆலயம். தேரியும் பனையுமாக இருக்கிற சமவெளியில் தூரத்திலிருந்தே பனைகளுக்கு மேலே அந்தக் கோபுரம் தெரிந்துவிடும். அம்மாவின் சிநேகிதி வீடு அங்கே இருப்பதால் மதியச் சாப்பாடும் அங்கேதான்.

மாலையில் இடையன்குடி. கால்டுவெல் கட்டிய திரித்துவ ஆலயம், முப்பது வருஷங்களுக்கு மேல் வேலை நடந்து 1880இல் முடிந்தது. வெளிச்சம் சாய்கிற நேரத்தில் அந்தக் கூர்முனைச் சன்னல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சன்னல் வேலைப்பாடு உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் புரிவதற்காக அவர் களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்று சொல்வார்கள். எனக்குத் தாத்தா ஓலையை மிதித்துக் காட்டியதும், மணப்பாட்டுப் பெண் மூலையைத் திருப்பிக் காட்டியதும் நினைவுக்கு வந்தன.

ஜனவரி 7

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்தோம். புல்லைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. மணலைத் தேரியிலேயே கொண்டுபோய்க் கொட்டினோம். நட்சத்திரத்தை வேப்பிலை போட்ட சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன், அடுத்த வருஷம்வரை பூச்சி அரிக்காமல் தாங்குகிறதா என்று பார்க்கவேண்டும்.

கூரை ஓலைகள் இந்த ஒரு மாதத்தில் பச்சை மாறி வெளிர்பொன் நிறத்துக்கு வந்திருந்தன. எரிக்க மனம் வராமல் தாத்தாவைக் கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நல்லதாகப் பன்னிரண்டு ஓலையைப் பொறுக்கி, நாரில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டார். தை பிறந்தால் மகன் பனை ஏற ஆரம்பித்துவிடுவானாம். விடிலிக் கூரையில் கிழக்குப் பக்கம் ஒழுகுகிறதாம்.