போக்காடு திரும்பி வந்தால்?

ஓய்வுநாள் பள்ளியில் சென்ற வாரம் வேதாகமத்தின் லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். பாவநிவிர்த்தி செய்யும் நாள். இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களின் மேல் சீட்டுப் போடுவார்கள். ஒன்று கர்த்தருக்குப் பலியாகும், மற்றது போக்காடு. பிரதான ஆசாரியன் ஆரோன் அதன் தலையில் கைகளை வைத்து ஜனங்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். தனியாள் கொண்டுவரும் பலியில் ‘தன் கையை’ என்றிருக்கும். இங்கே ‘தன் இரண்டு கைகளையும்’. அவ்வளவு பாரம்!

“அக்கா, அந்த ஆடு திரும்பி வந்துட்டா?” என்றான் ஒரு பையன்.

எல்லாரும் சிரித்தார்கள். பிற்காலத்தில் அதை மலை உச்சியிலிருந்து பின்பக்கமாகத் தள்ளிவிட்டார்கள் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? எபிரெயர் 10-க்குப் போய்விட்டேன். ஆட்டு இரத்தம் பாவத்தை நிவிர்த்தி செய்யாது, அதனால்தான் வருஷந்தோறும் பலி, இயேசுவோ ஒரேதரம் தம்மையே கொடுத்தார் என்றேன். சரியான பதில்தான். ஆனால் என்னுடைய ஆடு பதினொரு வருஷமாகத் திரும்பி வந்துகொண்டேதான் இருந்தது.

அம்மாவின் வைத்தியத்துக்கு அண்ணன் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியை என் கடனுக்குக் கட்டிவிட்டேன். கணக்குக் கேட்டபோது மருந்துச் செலவில் சேர்த்துச் சொன்னேன். அதற்கப்புறம் சபையில் அப்பமும் ரசமும் வாங்கிய திருவிருந்துதான் எத்தனை! ஒவ்வொரு முறையும் அழுது ஜெபித்து, ‘அவர் சுமந்து தீர்த்துவிட்டார்’ என்று நிம்மதியாக எழுந்து வருவேன். சாயங்காலம் அண்ணனிடமிருந்து போன் வந்தால் வயிறு கலங்கும்.

பாடத்துக்காகப் பக்கம் புரட்டியபோது 6-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. அயலானை ஏமாற்றியவன் முதலைக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உடையவன் கையில் சேர்க்க வேண்டும். ஆட்டுக்கடா ஆசாரியனிடம் போவது அதற்கு அடுத்த வசனத்தில்தான். இயேசுவும் மத்தேயு 5-இல், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்கிறார். நான் பதினொரு வருஷமாக ஆட்டை மட்டும் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பணத்தைக் கொடுத்து மன்னிப்பை வாங்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. மன்னிப்பைக் காட்டிப் பணத்தை வைத்துக்கொண்டவள் நான். ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாக இயேசுவிடம் சொன்னான் வரி வசூலித்த சகேயு. அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது, லேவியராகமக் கணக்கே போதும்.

போன் செய்தேன். “அண்ணா, அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ...”

“தெரியும்மா.”

“எப்போ தெரியும்?”

“அப்பவே. பில் நகல் வாங்கிப் பார்த்தேன்.”

நான் எடுத்ததால் குறைந்துபோன பணத்துக்கு அவர் வட்டிக்கு வாங்கி, இரண்டு வருஷம் தவணை கட்டியிருக்கிறார். முதல் வருஷம் முழுக்க என்மேல் கொதிப்பாக இருந்ததாம். “ஏன் கேக்கல?” என்றேன்.

“கேட்டிருந்தா நீ அப்புறம் வீட்டுப் பக்கம் வந்திருப்பியா?”

நம் பாவங்களுக்காக இயேசு பலியானதைச் சொல்லும் ‘கிருபாதாரபலி’ என்ற வார்த்தையைப் பலகையில் எழுதி எத்தனையோ தடவை விளக்கம் சொல்லியிருக்கிறேன். நீதிமன்றம், அபராதம், பதிலாள் என்றெல்லாம். அந்த உவமைகள் பொய்யில்லை. ஆனால் எனக்குத் தெரியாமல் மாதாமாதம் ஒருத்தர் தவணை கட்டிக்கொண்டிருந்தார், அதே மாதங்களில் என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டும் இருந்தார் என்பது எந்தப் பலகையிலும் நான் எழுதாதது. அன்றைக்கு ராத்திரி ஜெபிக்க வார்த்தை வரவில்லை.

பணத்தை அனுப்பினேன். மறுநாள் அண்ணனே கூப்பிட்டார்.

“கூடுதலா வந்திருக்கே?”

“ஐந்தில் ஒரு பங்கு. லேவியராகமம் ஆறு, அஞ்சு.”

வேதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“ஆறாம் வசனத்துல ஒரு ஆட்டுக்கடாவும் இருக்கே,” என்றார். “அது எங்கம்மா?”