பிரித்துப் படித்த பாடம்

எங்களுக்குத் தையல் பாடம் தொடங்கியதே பிரிப்பதில்தான். வீட்டில் இனி யாரும் போடப்போவதில்லை என்று ஒதுக்கிய சட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார் எங்கள் தையல் டீச்சர். நாங்கள் கத்தரிக்கோலும் அளவு நாடாவுமாக வந்து நின்றோம். அவற்றை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு பிளேடைத் தந்தார். “தைத்தவர் கடைசியாகத் தைத்ததை நீங்கள் முதலில் பிரியுங்கள் பிள்ளைகள். அப்படியே பின்னோக்கிப் போனால், தன்னை எப்படித் தைத்தார்கள் என்று சட்டையே சொல்லிவிடும்” என்றார்.

மெஷின் தையலில் மேல்நூலும், அடியிலிருந்து வரும் பாபின் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று கொக்கிபோட்டுப் பிடித்திருக்கும். ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், துணியைத் திருப்பி மறுபக்க நூலை இழுத்தால் அது முழுசாக உருவிக்கொண்டு வந்துவிடும். அவசரப்பட்டு இரண்டு துண்டையும் பிடித்து இழுத்தால், நைந்த துணியில் நூலுக்கு முன்னால் துணிதான் கிழியும். எங்கள் விரல்கள் இதைப் பழகவே ஒரு தவணை ஓடியது. பொறுமை என்று டீச்சர் ஒருநாளும் போதித்ததில்லை. வேலையே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

பிரித்த துண்டுகளை மேசையில் விரித்தபோதுதான் சட்டை என்பது என்னவென்று தெரிந்தது. ஒரே துண்டாகத் தோன்றும் காலர் உண்மையில் மேல் காலர், கீழ் காலர், காலரைத் தாங்கிக் கழுத்தைச் சுற்றி நிற்கும் இரண்டு காலர் பட்டிகள் என நான்கு துண்டுகள். இடையில் விறைப்புத் துணி வேறு. கையின் மேல்வளைவு, அது பொருந்தும் கைக்குழியைவிடச் சற்று நீளமாக இருக்கும். அந்தச் சிறு உபரியைச் சுருக்கம் விழாமல் உள்ளே அடக்கித் தைப்பதால்தான் தோளை அசைக்க இடம் கிடைக்கிறது. இதைப் படத்தில் பார்த்திருந்தால் மறந்திருப்பேன்.

காலரைத் திருப்பும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கழுத்து உரசி மடிப்பில் நைந்துபோனாலும், சட்டையின் மீதிப் பகுதி நல்ல பலத்தோடு இருக்கும். காலரைப் பட்டியிலிருந்து மட்டும் பிரித்து, கீழ்ப்பக்கம் மேலே வரும்படி புரட்டி, நடுப்புள்ளியை முதலில் ஊசி குத்தி நிறுத்திவிட்டு இரு முனைகளை நோக்கித் தைக்க வேண்டும். நைந்த பக்கம் அடியில் மறைந்துவிடும். காலர் முனையில் பொத்தான் துளை உள்ள சட்டைக்கு இது சரிவராது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் உடைகளை அளவாகப் பங்கிட்டுக் கொடுக்கும் கூப்பன் முறை 1941இல் வந்து 1949 வரை நீடித்தது என்றும், இருப்பதைத் திருத்தி உடுத்தும்படி அரசே மக்களைத் தூண்டியது என்றும் டீச்சர் சொன்னது இந்தப் பாடத்தின்போதுதான்.

பெரியவர் சட்டையில் பிள்ளைக்கு உடுப்புத் தைக்கும்போது முதுகுத் துண்டிலிருந்து தொடங்குங்கள். காலர், முழங்கை, கைப்பட்டி எல்லாம் தேய்ந்த பிறகும் முதுகு தேறும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நைந்து மெலிந்த இடம் உடனே தெரியும். புதிய அளவின் அடிவிளிம்பைப் பழைய கரை மடிப்பின் மேலேயே வைத்து வெட்டினால் மறுபடி மடித்துத் தைக்க வேண்டியதில்லை. பொத்தான் பட்டியையும் அப்படியே காப்பாற்றிவிடலாம். நேர்நூல், அதாவது துணியில் நீளவாக்கில் ஓடும் இழை, மட்டும் மேலிருந்து கீழாகவே ஓட வேண்டும். சாய்வாக வெட்டினால் துணி இழுபட்டு, நாள்போக்கில் உடுப்பு ஒரு பக்கம் தொங்கிவிடும்.

டீச்சர் காட்டாத துணிகளும் பிறகு என் கைக்கு வந்தன. ஜீன்ஸ் முழங்கால் ஏன் வெளுக்கிறது என்று பிரித்துப் பார்த்துத்தான் அறிந்தேன்: நீளவாக்கில் ஓடும் பாவுநூலுக்கு மட்டும் நீலம் ஏற்றியிருப்பார்கள், குறுக்கே ஓடும் ஊடுநூல் வெள்ளை. நீலநூல் தேய்ந்து அறுந்ததும் வெள்ளை தெரிகிறது. அந்த நிலையிலேயே உள்ளே ஒரு துண்டு வைத்துத் தைத்துவிட்டால் ஓட்டை விழாது. டிசர்ட் போன்ற பின்னல் துணிக்கு முனை மழுங்கிய ஊசியும் வளைந்து வளைந்து ஓடும் தையலும் வேண்டும். நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும்.

எல்லாத் துணியையும் காப்பாற்ற முடியாது. விரல் பட்டாலே கிழியும் அளவுக்கு இற்றுப்போனதைத் திருத்துவது வீண். பொத்தானையும் ஜிப்பையும் எடுத்துக்கொண்டு மீதியைத் துடைக்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் அலுமாரிகளில் கிடப்பவை பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. இடுப்பு இறுகியது, நீளம் கூடியது, கை பிடிக்கிறது என்பவைதான். ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலைக்கு நல்ல துணியைக் குப்பையில் போடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒன்றுகூடலில், மண்டபத்தின் ஒரு மூலையில் நீண்ட மேசை ஒன்று போட்டுத் தாருங்கள். எங்கள் வகுப்புத் தோழிகள் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள், ஆளுக்கொரு பழைய சட்டை எடுத்துவந்தால் போதும். மெஷினை நான் கொண்டுவருகிறேன்.