மூன்று இலட்ச ரூபாய் மடிக்கணினி: ஹட்டன் நாட்குறிப்பு

2025 ஒக்டோபர் 5, ஞாயிறு

நான் வாங்க எண்ணியிருப்பது அப்பிள் நிறுவனத்தின் மெக்புக் எயார், 13 அங்குலத் திரை, இவ்வாண்டு மார்ச் மாதத்தில் எம்4 சில்லுடன் வெளிவந்தது. அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 999 டொலர். இன்றைய மாற்று விகிதத்தில் அதுவே மூன்று இலட்சம் ரூபாயை ஒட்டி வருகிறது. கொழும்புக் கடைகளில் கேட்டால் அதற்கும் மேலேதான் சொல்கிறார்கள். உயர்தர இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியையான எனக்கு அது ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பெரிய செலவு எது வந்தாலும் அது எத்தனை ‘பேருக்கு’, அதாவது எத்தனை நாட்சம்பளத்துக்கு, சமம் என்றுதான் இன்றைக்கும் கணக்கிடுவார். தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 2024 செப்டம்பரில் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் மூன்று இலட்சம் ரூபாய் என்பது 222 பேர். மாதத்துக்கு 25 நாள் வேலை கிடைத்து, பாதிச் சம்பளமான அரைப்பேர் ஒன்றுகூட விழாமல், ஒரு சதமேனும் அரிசிக்கோ கோதுமை மாவுக்கோ போகாமல் ஏறக்குறைய ஒன்பது மாதம் மலையேறி இறங்கினால் சேரும் பணம் அது. அந்தக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு இதைத் தீர்மானிக்க எனக்கு மனமில்லை. முடிவு எட்டும்வரை எழுதிவருகிறேன்.

2025 ஒக்டோபர் 7, செவ்வாய்

கணினி எதற்கு என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் எங்கள் பக்கத்தில் குறைவு என்பதால், பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். பின்னேர வகுப்பு பாதியில் இருக்கும்போதே கடைசி பஸ்ஸுக்காகச் சிலர் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அவர்கள் தவறவிடும் பகுதியைப் பதிவு செய்து, வெட்டித் தொகுத்து, வட்ஸ்அப் குழுவில் அனுப்பிவருகிறேன். நவம்பர் 10ஆம் திகதி உயர்தரப் பரீட்சை தொடங்குகிறது. அதற்குள் முடிக்கவேண்டிய மீட்டல் பாடங்கள் இன்னும் இருக்கின்றன. அடுத்த ஆண்டு எழுதப்போகும் பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள்.

இப்போது என்னிடம் இருப்பது 2017இல் வாங்கிய மடிக்கணினி: இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜீ.பி. ரேம் (நினைவகம்), ஒரு டெராபைட் சுழல்தட்டு (ஹார்ட் டிஸ்க்). அதைத் திறந்து பாடத்தைத் தொகுக்கத் தயாராவதற்குள் ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிடலாம். நாற்பது நிமிடப் பாடத்தை இறுதிக் கோப்பாக மாற்றும் வேலையை இரவில் ஓடவிட்டுத்தான் தூங்கப் போவேன். ஒக்டோபர் மாதத்து இடிமழையில் பின்னேரங்களில் கரண்ட் போவது இங்கே வழக்கம். பழைய பட்டரி அதைத் தாங்காது, அதுவரை ஓடியது வீணாகிவிடும். இவற்றோடு பதிவின்போது காற்றாடி போடும் இரைச்சல் என் குரலுக்கு அடியில் தொடர்ந்து கேட்கிறது.

2025 ஒக்டோபர் 9, வியாழன்

புதிய கணினிக்கு உரிய நியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். அதில் காற்றாடியே இல்லை. நிறுவனத்தின் கணக்குப்படி 18 மணி நேரம் வரை வீடியோ ஓடும். அதில் பாதி கிடைத்தாலும் எங்கள் மின்தடைக்குப் போதும். வீடியோவைச் சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் சில்லின் உள்ளேயே தனிப் பகுதி உண்டு. 16 ஜீ.பி. நினைவகம் ஆரம்ப மாதிரியிலேயே வருகிறது. சென்ற ஆண்டு ஒக்டோபர் வரை அந்த நிறுவனம் எயார் வரிசையை 8 ஜீ.பி.யோடுதான் தொடங்கியது. 2020 நவம்பரில் இவ்வரிசையின் முதல் சில்லான எம்1 வெளிவந்தபோது எழுந்த பாராட்டு வெறும் விளம்பரத்தால் வந்ததல்ல. செயலியும் வரைகலைப் பகுதியும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதால் ஒரே தரவை இரண்டு இடங்களுக்குப் படியெடுக்கும் வேலை குறைகிறது. குறைந்த மின்சாரத்தில் அந்த வேகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த நினைவகத்தைப் பின்னாளில் கூட்ட முடியாது. சேமிப்பையும் கழற்றி மாற்ற இயலாது. 999 டொலருக்குக் கிடைப்பது 256 ஜீ.பி. சேமிப்பு மட்டுமே. ஒரு தவணைப் பாடங்களின் மூலப் பதிவுகளே அதை நிரப்பிவிடும். 512 ஜீ.பி. வேண்டுமென்றால் 1199 டொலர், அதாவது இன்னும் அறுபதாயிரம் ரூபாய் அளவில் கூடுதல். அடுத்த ஏழெட்டு ஆண்டுகளுக்கு என்ன தேவைப்படும் என்பதை வாங்கும் நாளிலேயே ஊகித்து, அந்த ஊகத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. என்னுடைய பழைய கணினியில் நான்கு திருகாணிகளைக் கழற்றினால் இரண்டையும் மாற்றலாம். இந்த வேறுபாட்டை விலைப்பட்டியல் சொல்வதில்லை.

விவரக்குறிப்பின் அடியில் இருந்த இன்னொரு வரியையும் குறித்துக்கொண்டேன். இயங்கும் வெப்பநிலை 10 முதல் 35 பாகை செல்சியஸ். ஈரப்பதன் 90 சதவீதம் வரை, அதுவும் நீர் ஒடுங்காத நிலையில். ஜனவரி விடியற்காலைகளில் நுவரெலியாப் பக்கம் உறைபனியே விழுகிறது. இங்கே ஹட்டனிலும் மிகுந்த குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்த கண்ணாடியில் நீர் கோத்துவிடும். எந்தக் கணினியை வாங்கினாலும் பையிலிருந்து எடுத்தவுடன் திறக்காமல் சற்று நேரம் விட்டுவைக்க வேண்டும்.

2025 ஒக்டோபர் 12, ஞாயிறு

இன்று பழைய கணினியை அளந்து பார்த்தேன். கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பாடத்தைத் தொடக்கத்திலிருந்து இறுதிக் கோப்பு வரை கொண்டுபோனேன். திறக்கும்போதும் காட்சிகளைத் தேடும்போதும் செயலி பெரும்பாலும் சும்மாதான் இருந்தது. சுழல்தட்டு மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. காத்திருப்பின் பெரும்பகுதி அங்கேதான். சுழல்தட்டு ஒரு துண்டுத் தரவைத் தேடி எடுக்கப் பல மில்லி செக்கன்கள் பிடிக்கும். தொடர்ச்சியாகப் படித்தாலும் செக்கனுக்கு 100 மெகாபைட் அளவே தரும். தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிக்கும் சாதாரண சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500 மெகாபைட்டைத் தாண்டும், தேடும் நேரமோ கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும்.

இறுதிக் கோப்பாக்கும் நேரத்தில் நிலைமை மாறியது. அப்போது செயலி முழுதாக உழைத்தது. ஏழாம் தலைமுறை இன்டெல் செயலியிலும் வீடியோவைச் சுருக்குவதற்கென்று குவிக் சிங்க் என்ற தனிப் பகுதி இருக்கிறது. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருள்களில் அதைத் தெரிவு செய்யலாம். அப்படித் தெரிவு செய்து ஓட்டியபோது, இராத்திரி முழுக்க விட்டுவைத்த வேலை, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நேரத்துக்குள் முடிந்தது. அதே கோப்பளவுக்குத் தரம் சற்றுக் குறைகிறது. ஆனால் எழுத்தும் சமன்பாடுகளும் தெளிவாகவே தெரிகின்றன.

2025 ஒக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10க்கான ஆதரவு இன்றோடு முடிகிறது. விண்டோஸ் 11ஐ மைக்ரோசொப்ட் நிறுவனம் எட்டாம் தலைமுறை இன்டெல் செயலிகளிலிருந்துதான் முறையாக ஏற்கிறது. என்னுடையது ஏழாம் தலைமுறை. பாடசாலையில் இதே நிலையில் இருக்கும் சக ஆசிரியர்கள் எல்லோரும் புதிது வாங்கித்தான் ஆகவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அவசரப்பட வேண்டியதில்லை. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்குப் பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை அவை வரும். 30 டொலர் கட்டிப் பெறலாம், அல்லது கணினியின் அமைப்புகளைத் தங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் காப்புப் பிரதியாக வைக்கச் சம்மதித்துக் கட்டணமின்றியே பெறலாம். அதற்குப் பின்னரும் இலவச இயங்குதளமான உபுண்டு 24.04 இருக்கிறது, அதற்கு 2029 வரை வழக்கமான ஆதரவு உண்டு. நல்ல நிலையில் இருக்கும் ஒரு கணினியை ஒரு திகதிக்காகக் குப்பையில் போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள இயலாது. இன்று மாலையே பதிந்துகொண்டேன்.

2025 ஒக்டோபர் 16, வியாழன்

நேற்று எம்5 சில்லுடன் 14 அங்குல மெக்புக் புரோ அறிவிக்கப்பட்டது. விலை 1599 டொலர். அது எனக்குரியது அல்ல. எயாரும் ஒருநாள் அந்தச் சில்லுக்கு மாறும், ஆனாலும் அதற்காகக் காத்திருப்பதில் பொருளில்லை என்று எண்ணுகிறேன். என் பாடங்களுக்கு எம்4 மட்டுமல்ல, எம்1கூட மிகையாகவே போதும்.

2025 ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தம்பி கொழும்பிலிருந்து வந்திருக்கிறான். அவன் பேச்சில் கனம் இருந்தது.

“அக்கா, நீங்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கீங்க. அந்த நேரத்துக்கு விலை இல்லையா? ஒரு தடவ வாங்கிட்டா எட்டு வருஷம் பார்க்கத் தேவல்ல.”

அம்மா சமையலறையிலிருந்தே கேட்டார்: “வாங்குறது சரி. அதுல படிக்கிற புள்ளைக்கு என்னா கூடும்?”

தம்பி சொன்னதற்கு என்னிடம் விடை இருந்தது, எஸ்.எஸ்.டி. மாற்றினாலே அந்த நேரத்தின் பெரும்பகுதி திரும்பிவிடும். அம்மாவின் கேள்விக்கு இன்றிரவுவரை விடை இல்லை. தீபாவளி முற்பணத்தில் உடுப்பு வாங்கி, மிச்சத்தில் எங்களுக்குப் புத்தகம் வாங்கிய கை அது. அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

2025 ஒக்டோபர் 23, வியாழன்

பழைய கணினிக்கு 512 ஜீ.பி. எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 8 ஜீ.பி. ரேமும் போட்டாயிற்று. இரண்டும் சேர்ந்து புதிய கணினியின் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. பழைய சுழல்தட்டை ஒரு பெட்டிக்குள் இட்டு யூ.எஸ்.பி. வழியாக மூலப் பதிவுகளைச் சேமிக்கப் பயன்படுத்துகிறேன். கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் தயாராகிறது.

2025 ஒக்டோபர் 26, ஞாயிறு

அம்மாவின் கேள்வியோடு பிள்ளைகளிடமே போனேன். அவர்கள் பாடத்தை எதில், எங்கே, எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். ஏறத்தாழ எல்லோரும் கைபேசியில். பலருக்கு அது அப்பாவுடையதோ அண்ணனுடையதோ. இரவில் மட்டும் கைக்கு வரும். லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், சிக்னல் கிடைக்காத இடங்களில் வெளியே மேட்டுக்குப் போய் இறக்கிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். டேட்டா காட் தீர்ந்துவிட்டால் அடுத்த சம்பளம் வரை பாடமில்லை.

அப்படியானால் என் தொகுப்பு மேசையில் 4கே காட்சி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது அவர்களுக்கு எவ்வகையிலும் உதவாது. நாற்பது நிமிடப் பாடத்தைச் செக்கனுக்கு ஒரு மெகாபிட் வீதம் அனுப்பினால் 300 மெகாபைட். அரை மெகாபிட்டாகக் குறைத்தால் 150 மெகாபைட். படவில்லைகளும் என் கையெழுத்தும் மட்டுமே அசையும் பாடத்துக்கு 480 வரித் தெளிவு போதும். காட்சியே இல்லாமல் குரலை மட்டும் 64 கிலோபிட்டில் அனுப்பினால் 20 மெகாபைட்டைக்கூட எட்டாது.

சின்னக் கோப்பைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. அவர்கள் சொன்னது வேறு. “சேர்மாரோட வீடியோவுல மாதிரி உங்க குரல் கேக்கல டீச்சர், மழை பெஞ்சா தகரத்துச் சத்தத்துல ஒண்ணுமே வெளங்கல,” என்றாள் மஸ்கெலியாவிலிருந்து வரும் மாணவி. தகரக் கூரையின் கீழ் மலிவான கைபேசி ஒலிபெருக்கியில் கேட்கும் பிள்ளைக்கு, மடிக்கணினியின் ஒலிவாங்கி ஒரு முழத் தொலைவிலிருந்து பிடித்த குரல் போதாது. மூன்று இலட்சம் ரூபாய்க் கணினியின் ஒலிவாங்கி நல்லதுதான். ஆனாலும் அதுவும் அதே தொலைவில்தான் இருக்கும். சட்டைக் கழுத்தில் செருகும் ஒலிவாங்கியோ வாய்க்கு ஒரு சாண் அருகில் இருக்கும். தொலைவு பாதியானால் நேராக வரும் ஒலி ஏறக்குறைய ஆறு டெசிபல் கூடுகிறது. அறையின் இரைச்சலும் காற்றாடியும் கூடுவதில்லை.

2025 நவம்பர் 1, சனி

இன்று நியமிப்புப் பாடத்தை, அதாவது ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவை அளக்கும் செய்முறையை, படம்பிடித்தேன். பினோத்தலீன் காட்டி நிறமற்ற நிலையிலிருந்து வெளிர் இளஞ்சிவப்புக்கு மாறும் அந்த ஒரு துளியைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். அளவியின் வாசிப்பும் தெளிவாக இருக்க வேண்டும். ஆய்வுகூட நேரம் கிடைக்காத பிள்ளைக்கு இந்தக் காட்சிதான் செய்முறை. காலை முழுவதும் பனிமூட்டம். அந்த மங்கலில் எடுத்த காட்சியில் புள்ளிபுள்ளியாக மணல் போல அசைந்தது. இளஞ்சிவப்பு சாம்பலுக்குள் போய்விட்டது. சுருக்கும் மென்பொருளுக்கு அந்த அசையும் புள்ளிகளும் புதுத் தகவலே. அவற்றுக்கே பிட்டுகளைச் செலவழித்துவிட்டு, நிறத்துக்கு மிச்சம் வைப்பதில்லை. வெளிச்சமான காட்சி அதே கோப்பளவில் தெளிவாக நிற்பதும், மங்கல் காட்சி கலங்கிப்போவதும் இதனால்தான். பக்கத்து வீட்டு எல்.ஈ.டி. விளக்கை இரவல் வாங்கி, பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றைத் தொங்கவிட்டு மீண்டும் எடுத்தேன். அதே கைபேசி, அதே கணினி, அதே 480 வரி. நிறம் மாறும் துளி தெரிந்தது.

2025 நவம்பர் 4, செவ்வாய்

மெக்புக்கை இப்போது வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அது விலைக்குத் தகாத பொருள் என்று நான் சொல்லமாட்டேன். நாள் முழுவதும் பெரிய காட்சிகளைத் தொகுத்து அதனால் வருமானம் பெறுபவருக்கும், மின்சாரமில்லாத இடங்களில் வேலை செய்பவருக்கும் அந்த விலை சில ஆண்டுகளில் திரும்பிவிடும். என் வேலையில் அது குறைக்கக்கூடிய காத்திருப்பை எஸ்.எஸ்.டி.யும் குவிக் சிங்கும் பெரும்பாலும் குறைத்துவிட்டன. பிள்ளைக்கு எட்டாதிருந்தவை குரலும் நிறமும்தான், அவை கணினிக்கு வெளியே கிடக்கின்றன.

மின்தடை மட்டும் தீராமல் நிற்கிறது. பழைய கணினிக்கு மாற்றுப் பட்டரி தேடுகிறேன். அசல் கிடைக்குமா என்பதைப் பொறுத்துத்தான் அது. அதுவரை இறுதிக் கோப்பாக்கும் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்கிறேன். இடி அப்போது அரிதாகத்தான் வரும்.

கழுத்து ஒலிவாங்கி ஒன்றையும் தாங்கியோடு கூடிய விளக்கு ஒன்றையும் தம்பி வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து அனுப்புகிறான். கணினிக்கென்று சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் மீதியை வங்கியில் ஓராண்டு நிலையான வைப்பில் போடுகிறேன். விண்டோஸ் 10இன் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அடுத்த ஒக்டோபரில் நின்றபின், நவம்பரில் அது முதிரும். பழைய கணினி அதற்குள் உபுண்டுவில் ஒழுங்காக ஓடினால் பணம் அங்கேயே இருக்கட்டும். தாய்ப்பலகை போய்விட்டால் 16 ஜீ.பி.யும் 512 ஜீ.பி.யும் உள்ள மாதிரியையே வாங்குவேன், அதற்குக் குறைந்ததை அல்ல.